ரத்தக் காட்டேரிக் கதை சொன்ன கஸ்தூரி அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது அலுவலகப் பேருந்தில் கூட வரும் சுகந்தியின் அழைப்பு வந்தது. “கஸ்தூரி அக்கா போயிட்டாங்கப்பா” என்றார். படாளத்தில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி. செங்கல்பட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. “அப்ப மூணாவது பாகத்தை யாரு சொல்லப் போறாங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுமுனையில் சுகந்தி சிரித்தார். பிறகு சத்தமாக அழுதார்.

நம் பேருந்தில் வந்தவர்களுக்கு இது புரியும். காரியம் முடிந்து பதினாறு நாளும் கடந்த பிறகு, தாமதமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மகள் தூங்கும்போது நாலு வரி, அவள் புரண்டால் நிறுத்தம். துக்கமாகத் தொடங்குகிற ஒவ்வொரு வரியும் பாதியில் துள்ள ஆரம்பிக்கிறது. அக்காவைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் அலுவலகப் பேருந்து அது. அக்கா ஸ்டோர்ஸில் எழுத்தர். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஐந்து மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். குழந்தைக்குப் புரையேறினால்? கொசு கடித்தால்? யாராவது கீழே போட்டுவிட்டால்? பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்த அக்கா என் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “பயம் வரட்டும்மா, வராம எங்க போவும்? ஆனா அதுக்கு ஸீட்டு குடுக்காத. நின்னுகினே வரட்டும்.” அன்றிலிருந்து என் பயம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் கல்பாக்கம் வந்தது.

கதை தொடங்கியது அதற்குச் சில வாரங்கள் கழித்து. அக்காவின் ஒரே மகள் நிவேதா அப்போது பிளஸ் டூ. பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘கெமிஸ்ட்ரி’ என்று எழுதிய ஸ்பைரல் புத்தகம் ஒன்றை எந்நேரமும் வைத்துக்கொண்டிருந்தாளாம். “கெமிஸ்ட்ரி படிச்சிட்டு எவளாச்சும் தேம்பித் தேம்பி அழுவாளா? எனக்கு அங்கதான் டவுட்டு வந்திச்சி” என்றார் அக்கா. பிரித்துப் பார்த்தால் ஒரு ஆங்கில நாவலின் ஜெராக்ஸ். ஒரு குளிர்த் தீவு. படகில் பள்ளிக்குப் போகும் பதினேழு வயதுப் பெண். கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஓர் இளைஞன். அவன் ரத்தக் காட்டேரி. அவளைக் காதலிக்கிறான், அதனாலேயே அவள் பக்கத்தில் வரப் பயப்படுகிறான்.

அக்கா புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். அதோடு விட்டிருக்கலாம். புத்தகம் கொடுத்த தோழியின் வீட்டுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். மறுநாளே வகுப்பில் நிவேதாவோடு யாரும் பேசவில்லை. “இதெல்லாம் படிக்கறதா இருந்தா இந்த வூட்டுக்குள்ள காலெடுத்து வெக்காத” என்றும் சொல்லிவிட்டார். நிவேதா வீட்டை விட்டுப் போகவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டு எழுதிப் பிரிட்ஜில் ஒட்டுவாள். அதில் ஒன்றை அக்கா பேருந்தில் காட்டினார். ‘நாளை பேரன்ட்ஸ் மீட்டிங். வரவேண்டிய அவசியமில்லை.’ சிரித்துக்கொண்டே காட்டப் பார்த்தார், முடியவில்லை. “எம்மேல கத்தினாக்கூடப் போதும்மா. பொட்டப்புள்ள இருக்கிற வூடு லைப்ரரி மாரி கீது.”

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தும் பார்த்தார். அவள் தொடவில்லை. அப்படியென்ன இதில் இருக்கிறது என்று அக்கா தானே படிக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியோடு உட்கார்ந்து, புரியாத சொல்லைச் சீட்டில் எழுதி, மாலையில் என்னிடம் அர்த்தம் கேட்பார். மறுநாள் காலை, “கேளுங்கடி இந்தக் கண்றாவிய” என்று எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது நாள் ‘கண்றாவி’ காணாமல் போயிருந்தது. ஐந்தாவது நாள், திருக்கழுக்குன்றம் வந்தால் தூங்கிவிடும் கணக்குப் பிரிவு லலிதா மேடம்கூடக் கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடடா, அந்தக் காலைகள்! அவனுக்கு நூற்றைம்பது வயது என்று அக்கா சொன்ன அன்று பேருந்து இரண்டாகப் பிரிந்தது.

“கல்யாணப் பத்திரிகைல வயசு போட வேண்டாம், சரி. ஜாதகம்னு ஒண்ணு கேப்பாளே?” என்றார் லலிதா மேடம்.

“பகல்ல ஜன்னல மூடிக்கினு தூங்கறது, ராவானா எழுந்து போறது, சோறு போட்டா வேணாங்கறது. இதுல இன்னா அதிசயம்? ஷிப்டுக்குப் போறவனக் கட்டிக்கினு பன்னண்டு வருசமா காட்டேரியோடதான் குடும்பம் நடத்தறேன்” என்றார் சுகந்தி.

“உன் வூட்டுக்காரு கடிச்சாரா?” என்று கேட்டார் அக்கா.

“வள்ளு வள்ளுன்னு விழுவாரு. அது போதாதா?”

ஓட்டுநர் ஆறுமுகம் அண்ணன் முதல் வாரமே பாட்டை நிறுத்திவிட்டார். அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் கதவைத் திறக்க மாட்டார். “யக்கா, கடிச்சானா இல்லியா, அத்த மட்டும் சொல்லிட்டு எறங்கு.”

எனக்கு அந்தக் காதலர்களைவிடப் பிடித்தவர் அந்தப் பெண்ணின் அம்மா. படகுத்துறையில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு மகளுக்காக நிற்பவர். காட்டேரிப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, “எம்பொண்ணுக்குப் பரிட்சை முடியிற வரைக்கும் நீ பறக்காம இரு” என்று சொன்னவர். அந்த இடத்தில் பேருந்தே கைதட்டியது. அக்கா கதை சொல்லும் ஐம்பது நிமிடமும் நான் காப்பகத்தை மறந்திருந்தேன். நாலு முறை போன் செய்கிறவள், ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தை எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்துவந்தார். அது நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு ஒரு வேனில் கடப்பாக்கம் போனோம். நிவேதாவையும் இழுத்து வந்திருந்தார் அக்கா. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர் நிழலில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சற்றுத் தள்ளி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நிவேதாவிடம் சுகந்தி ஆவலாகப் போனார்.

“ஏம்மா நிவேதா, ரெண்டாம் பாகத்துல அந்தம்மா வெளக்க எடுத்துக்கினு லைட்ஹவுஸுக்குப் போறாங்களே, அப்புறம் இன்னா ஆவுது? உங்கம்மா நேத்து அங்கதான் நிறுத்திட்டாங்க.”

“எந்த அம்மா?”

“அந்தப் பொண்ணோட அம்மா.”

நிவேதா காதிலிருந்ததைக் கழற்றினாள். “ஆன்ட்டி, அந்த புக்ல அம்மாவே கெடையாது. மொதப் பக்கத்துலயே வேற ஊருக்குப் போயிடுவாங்க. திரும்ப வரவே மாட்டாங்க.”

“அப்ப ஸ்வெட்டர்?” என்றார் லலிதா மேடம்.

“இல்ல.”

“பரிட்சை முடியிற வரைக்கும் பறக்காதேன்னு சொன்னது?”

நிவேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ ஆன்ட்டி, இல்ல.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் மும்முரமாக முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறுமுகம் அண்ணன்தான் வாயைத் திறந்தார். “யக்கா, இத்தினி நாளா எங்கள ஏமாத்திகினா வந்த?”

“ஏமாத்தல நைனா. அம்மாம் பெரிய கதைல பெத்தவளுக்கு ஒரு ஸ்டூலுகூடப் போடல அவங்க. நானே போட்டுக்கினு ஒக்காந்தேன்.”

நிவேதா தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மூன்று மாதத்துக்கும் மேலாகப் பேசாத அந்தப் பெண் கேட்டாள்: “சரி, சொல்லு. அந்தம்மா லைட்ஹவுஸுக்குப் போயி இன்னா பண்ணாங்க?”

அக்கா மீன் தட்டைக் கீழே வைத்தார். எங்களுக்குச் சொல்லவில்லை, அவளுக்கு மட்டும் சொன்னார். “அந்தப் பொண்ணு முடிவு பண்ணிட்சி. நானும் காட்டேரியாவே ஆயிடறேன்னுது. அதுங்களுக்கு ஒரு சட்டம் கீதுல்ல? யாராச்சும் உள்ள வான்னு கூப்ட்டாத்தான் ஒரு வூட்டுக்குள்ள நொழைய முடியும். அந்தம்மாவுக்கு அதான் பயம். நாளைக்கு எம்பொண்ணு வாசல்ல வந்து நிக்கும். அந்நேரத்துக்கு நான் தூங்கிட்டா? செத்தே போயிட்டா? யாரு கூப்டுவாங்க? அதான் ஓடிப்போயி முன்னாடியே சொல்றா. ‘நீ இன்னாவா வேணா ஆயிக்கோ. இப்பவே கூப்ட்டு வெச்சிடறேன். எப்ப வந்தாலும் உள்ள வா. கோவத்துல வராதேன்னு சொன்னேனே, அது செல்லாது.’”

நிவேதா நகர்ந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மீனு ஆறுதும்மா. சாப்புடு.”

திரும்பும் வழியெல்லாம் நிவேதா என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து உண்மையான இரண்டாம் பாகத்தைச் சொன்னாள். நாங்கள் ஒரு வரிகூட ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தம்மா இருந்தா இப்பிடி நடக்க வுட்டிருப்பாங்களா?” என்று சுகந்தி கேட்க, “இன்னாத்துக்கு எழுதனாங்க இத்த?” என்று ஆறுமுகம் அண்ணன் திட்ட, கூச்சலில் வண்டி எப்படிச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தது என்றே தெரியவில்லை. “மூணாவது பாகம் வெளிய வரட்டும், நானே சொல்றேன்” என்றார் அக்கா. முகம் கொள்ளாத சிரிப்போடு மகளின் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிவேதா இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இறுதிச் சடங்கன்று எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவள், அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: “ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அம்மா சொன்ன மாரிதான் ஆன்ட்டி கதைய சொன்னேன். ரூம் ரூமா அந்த புக்க வெச்சிக்கினு தேடறாங்க. லைட்ஹவுஸ் சீனு எந்தப் பக்கம்னு என்னியக் கேக்கறாங்க.” சாவு வீட்டில் ஐந்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தோம். வெளியே பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அச்சில் இல்லாத அந்தப் பக்கத்தைத்தான் அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு மூன்று வயது. அவள் வளர்ந்து என்னென்ன படிப்பாளோ, எந்தப் புத்தகத்துக்கு என்ன அட்டை போட்டு மறைப்பாளோ என்று இப்போதே எனக்குப் பதறுகிறது. எதுவாக இருந்தாலும் அந்தக் கதையில் எனக்கு இடம் இருக்காது. பரவாயில்லை. எப்படி உள்ளே போய் உட்காருவது என்று ஒருத்தி செய்து காட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.