கருடன் இறங்கும் இடம்

கால் கட்டைப் பிரித்து இருபது நாள் ஆகியிருந்தது. என் மனைவி வசந்தா அப்போதும் காலைத் தரையில் ஊன்றவில்லை. 'எலும்பு கூடிடுச்சு, நடந்தே ஆகணும்' என்றார் டாக்டர். அவளுக்கோ பயம்.

பயத்தை ஊட்டியது யார்? நான்தான்! அவள் கட்டிலில் புரண்டாலே "விழுந்துடப் போற" என்று அலறுகிறவன். பஸ்ஸில் ஏறும்போதே பிரேக் பிடிக்குமா என்று யோசிக்கிற ஜென்மம்...

போன வாரம் சீலிங்கைப் பார்த்தபடியே சொன்னாள்: "கருடன் பாத்து மூணு மாசம் ஆச்சுங்க."

சனிக்கிழமைதோறும் மாடியில் நின்று அண்ணாந்து தேடுவாள். அந்தக் காலோடு அவளை மாடிக்குத் தூக்கிப்போக எனக்குத் தைரியமில்லை. ஒரு போட்டோ எடுத்து வந்து கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டால்?

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் காதர் பாய், நீள லென்ஸ் மாட்டிய கேமராவைக் கொடுத்தார். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவனுக்கு அதில் இருந்த எண்கள் எங்கே புரியும்? பட்டனை மட்டும் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் எங்கள் ஊர் மலை அடிவாரத்தில் காத்திருந்தேன். உச்சிக்கும் மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது கருடனா, லென்ஸில் ஒட்டிய தூசியா?

பாய் சிரித்தார். "மலையில இன்னாத்துக்கு சார் தேடுறீங்க? மீன் புடிக்கிற எடத்துக்குப் போங்க. சாமி பறவைன்னாலும் பசிக்கும்ல?"

சனிக்கிழமை காலை, வேங்கிக்கால் ஏரிக்கரை. ஒருவர் மீனைக் கழுவிக் குடலைத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார். நான் லென்ஸ் மூடியைக் கழற்றினேனா என்று நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியது! செம்மண் நிறச் சிறகு, வெள்ளை வெளேரென்று கழுத்து. இருபதடி தூரம்கூட இல்லை. என் இரண்டு கைகளும் தானாக எழுந்தன... கேமராவுக்கு அல்ல. கன்னத்துக்கு! பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கேமரா கழுத்தில் ஊஞ்சலாடுகிறது. கருடன் போயே போய்விட்டது.

மீன்காரர் மறுபடி வீசினார். மறுபடி வந்தது. மறுபடி கன்னம்.

மூன்றாவது முறையும் அதேதான். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், படம் புடிக்க வந்தீங்களா, சாமி கும்புட வந்தீங்களா? என்கிட்ட குடலு கம்மியாத்தான் இருக்கு!"

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

பிறகு மெதுவாகக் கேட்டாள், "அவ்ளோ கிட்டயா வந்துச்சு?"

"கண்ணு கூட தெரிஞ்சுது வசந்தா. ஒரு மாதிரி... நம்மளையே பாக்குற மாதிரி."

போர்வையை விலக்கினாள். "உங்கள நம்பி பிரயோஜனம் இல்ல. என் செருப்ப எடுங்க."

எடுத்தேன். தொண்டைவரை வந்த அலறலை விழுங்கிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். அன்று வாசல்படி வரை வந்தாள். நேற்று ஆட்டோ வைத்து ஏரிக்கரைக்கே போய் வந்தோம்.

நான் மட்டும் ஒழுங்காகப் படம் எடுத்திருந்தால், அதைப் பார்த்துக்கொண்டே அவள் இன்னும் படுத்திருப்பாள்!