என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வேலை என்றால், ஸ்டியரிங் அடுத்தவர் கையில், உயிர் நம்ம காலில் என்று உட்கார்ந்திருக்கிற வேலை. காலில் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற எனக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான் தினமும் சாயங்காலம் நான் முழுசாக வீடு போய்ச் சேருகிறேன்.

எல் போர்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தவர்களே, எல் போர்டு வண்டிக்குள் உட்கார்ந்து பின்னால் அடிக்கிற ஹாரனில் கை கால் உதறினவர்களே, எல்லாரும் நம்ம ஆட்கள்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ரோட்டில் இறங்கினால் இன்னும் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் விட்ட அண்ணாச்சி

கோட்டாறில் கம்பி, ஆணி, பெயிண்ட் விற்கிற அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கார் படித்தார். முன்னால் போகிற வண்டியின் பம்பருக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில்தான் ஓட்டுவார். "அண்ணாச்சி, அவன் திடீர்னு நிறுத்தினா நாம எங்க போவோம்? எடம் விட்டு ஓட்டுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருநாள் மனம் திருந்தி இடம் விட்டார். அடுத்த நிமிஷம் அந்த இடத்தில் ஒரு ஆட்டோ வந்து உட்கார்ந்தது. ஆட்டோவுக்கும் இடம் விட்டார். கேஸ் சிலிண்டர் கட்டின ஸ்கூட்டர் புகுந்தது. அதற்கும் விட்டார். ஒரு மினி பஸ்ஸே மூக்கை நுழைத்தது.

நான் உள்ளுக்குள் பூரித்துப் போய், "இப்பிடித்தான் ஓட்டணும் அண்ணாச்சி" என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரே, வாறவனுக்கெல்லாம் இப்பிடி எடம் விட்டுக்கிட்டே இருந்தா, நாம பொறத்தால போயிப் போயி திரும்பவும் எனக்க கடைக்கே வந்துருவோம்."

ஸ்டெல்லா எதற்கு வந்தாள்

ஸ்டெல்லா தக்கலைக்காரி. நாற்பது தாண்டின பிறகு கார் படிக்க வந்தாள். அவள் புருஷன் வில்சன் அண்ணன் சவூதியில் டிரெய்லர் ஓட்டினவர். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை கால் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பஸ் படி ஏற முடியாது. வீட்டுக் காரை ஸ்டெல்லாவின் தம்பி ஜெபின்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் மஸ்கட் விசா வந்துவிட்டது. அவன் போவதற்குள் அக்கா ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி நிற்கும், தேறி வருகிற கால் பழையபடி ஆகும்.

வாடகைக் காரில் போகலாமே என்று நான் கேட்டேன். போய்ப் பார்த்தார்களாம். ஊரான் ஓட்டுகிற வண்டியில் வில்சன் அண்ணன் வழியெல்லாம் சண்டை பிடித்து, மூன்றாம் தடவை ஏறவே மாட்டேன் என்றுவிட்டாராம். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஓட்டணும்னு ஆசையே இல்ல டீச்சர். ரோட்டுல ஒவ்வொரு வண்டி போவும்போதும் இவரு ஜன்னல் வழியா எட்டிப் பாக்காரு பாத்தீங்களா, அதுதான் சகிக்கல்ல."

பின் சீட்டு டிரைவர்

பத்மநாபபுரம் கோட்டை மதில் ஓரம் ரோடு கொஞ்சம் அமைதியாக இருக்கும். அரண்மனை பார்க்க வந்த கூட்டம் கலைந்த நேரத்தில் அங்கேதான் பாடம். வில்சன் அண்ணன் வீட்டில் இருக்க மாட்டேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொள்வார். அவள் ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் உத்தரவு வரும். "ஏட்டி, கியர மாத்து. ஏட்டி, அமர்த்திச் சவுட்டு." அமர்த்திச் சவுட்டு என்றால் அழுத்தி மிதி. அவர் சவுட்டச் சொன்னது எப்போதும் ஆக்சிலேட்டரைத்தான். பள்ளிக்கூடம் பக்கத்தில் நாற்பது என்று போர்டு வைத்திருக்கிறது, ஸ்டெல்லா முப்பத்தைந்தில் போகிறாள், பின்னால் ஒரு டாரஸ் லாரி ஹாரனிலிருந்து கையையே எடுக்காமல் வருகிறது, இவர் அந்த லாரிக்குப் பரிந்து பேசுகிறார்!

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, சவூதில போர்டுல போட்டிருக்கதுக்கு மேல போயிருக்கீங்களா?" என்று திரும்பிக் கேட்டேன். "அய்யோ, அங்க கேமரா உண்டும்லா! ஒரு தடவகூட மாட்டினது இல்ல" என்றார் பெருமையாக. "அப்போ இங்க மட்டும் என்னவாம்?" என்றேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. கள்ளம் இல்லாத முகத்தோடு சொன்னார்: "என்ன டீச்சரே, இது நம்ம ஊருல்லா!"

ஒட்டி வந்த மீன் வண்டி

வில்லுக்குறி தாண்டி ஒருநாள் மீன் வண்டி ஒன்று எங்களை ஒட்டிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் வண்டி தெரியவில்லை, டிரைவரின் மீசைதான் தெரிந்தது. ஸ்டெல்லா அந்த மீசையையே பார்த்துக்கொண்டு கிளட்சை விட்டதில் வண்டி நின்றுபோனது. நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். "என்ன தம்பி, எங்க டிக்கியில ஏறி உக்காரப் போறியா? வா, திறந்து விடுதேன்!" என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டேன். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

அந்தத் தம்பி கொஞ்சமும் கோபப்படவில்லை. எங்கள் காரின் பின் கண்ணாடியைக் கை காட்டினான். எங்கள் ஓனர் அதில் ஸ்கூல் பெயரை, போன் நம்பரை, தன் பெயரை எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, மிச்சம் இருந்த மூலையில், 'பழகுநர் வாகனம், தூரம் விட்டு வரவும்' என்று எறும்பு ஊர்வதுபோல எழுதி வைத்திருந்தார். அவன் சொன்னான்: "தூரமா வான்னு எழுதினா தூரத்துல நின்னே வாசிக்கது மாதிரில்லா எழுதணும் அக்கா!"

லைசென்ஸ் உண்டு, பிரேக் இல்லை

டெஸ்ட் நாளில் ஸ்டெல்லா பாஸ். மைதானத்தில் சுற்றி வந்து, பின்னால் எடுத்து, சொன்ன இடத்தில் நிறுத்தினாள். எதிரே பஸ்ஸும் இல்லை, மாடும் இல்லை. நான் வெளியே நின்று கை தட்டினேன். வில்சன் அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஜெபினுக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைட். வியாழக்கிழமை பயிற்சிக்கு அக்காவே ஓட்டட்டும் என்று முடிவு செய்தார்கள்.

புதன்கிழமை அவள் போன் பண்ணினாள். அழுகை. ஜெபினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக் காரை எடுத்திருக்கிறாள். முன்னால் போன பஸ் நின்றது. இவள் நிற்கவில்லை. கடைசி நொடியில் ஜெபின் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் பிழைத்தார்கள். இனி ஆயுசுக்கும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றாள். என்னிடம் இத்தனை நாள் அழகாக பிரேக் பிடித்தவளுக்கு என்ன ஆனது என்று எனக்கு மண்டை காய்ந்தது. கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் பயத்தைக் கிளப்பியது: "சவுட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல டீச்சர்."

என் கால் சொன்ன பாடம்

வியாழக்கிழமை விடிந்ததும் தக்கலைக்கு ஓடினேன். அவர்கள் காரில் முன் சீட்டில் நான், பின் சீட்டில் வில்சன் அண்ணன். வீட்டுக் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது, கீழே விரித்த வெறும் ரப்பர் மிதியடிதான். ஆனால் என் கால் அதைக் கேட்குமா? பழக்க தோஷம். கோழி குறுக்கே வந்தால் மிதியடியை ஒரு மிதி, சைக்கிள் திரும்பினால் ஒரு மிதி. ஸ்டெல்லாவும் சொல்லிவைத்ததுபோல ஒவ்வொரு இடத்திலும் ஒழுங்காக பிரேக் பிடித்தாள். "இவ்வளவு நல்லா ஓட்டுத! நேத்து என்ன எளவு பிடிச்சிருந்து உனக்கு?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

வில்சன் அண்ணன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. உத்தரவும் இல்லை, ஏட்டியும் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி அவள் கண்ணையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஓவென்று சிரித்தார். டீச்சர் கால் அசைந்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளும் படித்திருக்கிறாள். ஜெபினின் கால் சும்மா இருந்தது, அதனால் இவள் காலும் சும்மா இருந்தது! அண்ணன் சொன்னார்: "அவ ரோட்டப் பாக்கல்ல டீச்சரே, உங்க காலல்லா பாக்கா!"

சக்கை

எனக்கு ரோஷமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்போ என் காலை என்ன செய்யச் சொல்லுதீங்க, வெட்டிப் போடவா?" என்றேன். அண்ணன் ஜெபினைக் கூப்பிட்டார். முற்றத்தில் அன்று காலையில் பறித்துப் போட்ட சக்கை ஒன்று கிடந்தது, பலாப்பழம்தான், நல்ல முழு வளர்ச்சி. அதைத் தூக்கி என் சீட்டுக்கு முன்னால் வைக்கச் சொன்னார். மிதியடியே மறைந்துபோனது. மேலே ஒரு சாக்கை விரித்து என் இரண்டு காலையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன். சீமந்தத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி நான். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. "கிளம்பு ஸ்டெல்லா, இனி நீயும் ரோடும்தான்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

நாகர்கோவில் போகிற வழியில் தொட்டியோடு என்கிற ஊரில் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு டாரஸ். ஸ்டெல்லா இரண்டு தடவை என் பக்கம் ஓரக்கண் போட்டாள், சக்கைதான் தெரிந்தது. பிறகு பார்க்கவில்லை. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே நல்ல இடம் விட்டாள். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஒரு அம்மாள் கூடையோடு கையை நீட்ட, பஸ் டப்பென்று நின்றது. என் கால் என்னைக் கேட்காமல் ஓங்கி மிதித்தது. சாக்கைத் தாண்டி முள் உள்ளங்காலில் ஏறி, "எக்கம்மோ!" என்று அலறிவிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வண்டி எப்போதோ நின்றிருந்தது. முன்னால் இன்னொரு ஆட்டோ நிற்கிற அளவு இடம் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, முள் குத்தினதற்காக இல்லை. பின்னால் டாரஸ்காரன் ஹாரனை வைத்து அழுத்தினான். ஸ்டெல்லா அசையவில்லை. அமர்த்திச் சவுட்டு என்று கத்தப் போகிறார் என்று நான் பின்னால் திரும்பினேன். வில்சன் அண்ணன் சோர்ந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அவன் அடிச்சிட்டு கெடக்கட்டும் ஏட்டி. நீ பைய போ."

திரும்பி வரும்போது

பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் முன் கதவில் கை வைத்தார். "டீச்சரே, நீங்க பின்னால ஏறுங்க. எனக்க பெஞ்சாதிக்குப் பக்கத்துல இனி நான் இருந்துக்கிடுதேன்" என்றார். சக்கையைப் பின்னால் உருட்டிவிடலாம் என்றேன், இருக்கட்டும் என்று அதை ஒதுக்கிக் காலை நீட்டி உட்கார்ந்தார். பார்வதிபுரம் வரைக்கும் ராஜா மாதிரி வந்தார். ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பினதுதான் தாமதம், அவருடைய நல்ல கால் மிதியடியை ஓங்கி மிதித்தது. அடுத்து ஒரு ஸ்கூட்டர், மறுபடியும் ஒரு மிதி. எத்தனை வருஷம் டிரெய்லர் ஓட்டின கால்!

பின் சீட்டில் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஸ்டெல்லா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை, ரோட்டிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னாள்: "இஞ்ச பாருங்க, அந்தக் காலத் தூக்கி சக்க மேல வையுங்க."

இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்தவர்களிலேயே நன்றாக ஓட்டுகிறவள் ஸ்டெல்லாதான், அதற்கு நான் செய்த பெரிய உதவி ஒருநாள் என் இரண்டு காலையும் சும்மா வைத்திருந்தது, அதுவும் சக்கையின் தயவில்.