பாண்டிலட்சுமியின் மரம் அறுக்கும் மிஷின்

விருதுநகர் கடைக்காரர் எடுத்து வைத்தது இரும்பு வெட்டும் கிரைண்டர். பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த மர பிளேடை மாட்டினால் மரமும் அறுக்கலாம், விலையும் பாதிதான் என்றார்.

"மரவேலை பாக்குறவுக அம்புட்டுப் பேரும் இப்படித்தான்க்கா ஓட்டுறாக."

"அவுக கைய நீட்டச் சொல்லுங்க. பத்து விரலும் இருந்தா வாங்கிக்கிறேன்" என்றாள் பாண்டிலட்சுமி.

அதன்பிறகுதான் அவர் மரம் அறுக்கவென்றே செய்த மிஷின்களை இறக்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தன் உள்ளங்கைக்குப் பிடி அடங்குகிறதா, விரல் சுவிட்சுக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள். கார்டை மேலே தள்ளிக் கையை எடுத்தாள். ஒன்றில் அது சோம்பேறித்தனமாகக் கீழே வந்தது. அதை ஒதுக்கினாள். மூன்றாவது மிஷினில் படக்கென்று மூடியது. அதையும் துளை போட ஒரு டிரில்லையும் கண்ணில் தூள் படாமலிருக்கப் போடும் கண்ணாடி ஒன்றையும் வாங்கிக்கொண்டு திருத்தங்கல் பஸ் ஏறினாள்.

வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறாள். நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார வேண்டும். இடுப்பு விட்டுப்போகிறது என்று போன வருடம் கைரம்பத்தால் தனக்கொரு மணை செய்துகொண்டாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் மருந்து அறைக்குள் ஒரு ஆணிகூடப் போகக்கூடாது. அவள் மரத்தில் துளை போட்டு மரக்குச்சியையே அடித்து இறுக்கியிருந்தாள். போர்மேன் புரட்டிப் புரட்டித் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். உடனே பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். கைரம்பத்தில் ஒரு மணைக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவள் மிஷின் வாங்கியது கொழுந்தன் மணிகண்டராஜுக்குப் பொறுக்கவில்லை. அவன் மரவேலைக்காரன். ஆணி இல்லாமல் எவன் செய்வான் என்று அதே மணைகளைச் செய்ய மறுத்தவனும் அவன்தான்.

"மதினி விரலு ஒருநா சோத்து எலையில வந்து கெடக்கும். மிஷின நான் எடுத்துக்கிறேன்" என்று அண்ணன் தங்கச்சாமியிடம் சொன்னான். லோடு ஏற்றும் வேலை பார்க்கும் தங்கச்சாமி, தம்பி சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழகாதவன்.

முதல் நாள், வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைப் பாண்டிலட்சுமி மருந்து அறையைத் திறப்பதுபோலத் திறந்தாள். செருப்பை வெளியே கழற்றினாள். கூட்டினாள். ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துத் தரையை நனைத்தாள். வாசலில் தண்ணீர் வாளி வைத்தாள். மருந்து அறையில் காய்ந்த தூசிதான் எமன்; வெறுங்காலும் ஈரத்தரையும்தான் பத்தொன்பது வருடம் அவளை உயிரோடு வைத்திருந்தவை. திருப்தியோடு குனிந்து, ஈரத்தில் கிடந்த ஜங்ஷன் பாக்ஸில் பிளக்கைச் செருகினாள்.

கரண்டு தோள்பட்டை வரை அடித்துத் தள்ளியது.

சுவரோரம் உட்கார்ந்து வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள், வேறொரு அறைக்கு.

சேதி டீக்கடை வழியாக மணிகண்டராஜுக்குப் போனது. "ஞாயித்துக்கெழம வாரேன் மதினி. மிஷினக் கட்டி வைங்க" என்று போன் பண்ணினான்.

"வாங்க" என்றாள்.

நான்கு நாள் இருந்தது. எலக்ட்ரீஷியன் பாண்டிமுருகனைக் கூப்பிட்டு, கரண்டு கசிந்தால் தானே அணைகிற சுவிட்சைப் போட வைத்தாள். ஜங்ஷன் பாக்ஸ் தரையை விட்டுச் சுவருக்கு ஏறியது. தண்ணீர் வாளி போய் மணல் வாளி வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஷூ வாங்கினாள். நாடா தொங்காதபடி உள்ளே செருகினாள். கம்பெனியிலிருந்து மாற்றாமல் எடுத்துக்கொண்டவையும் இருந்தன. இறுக்கிய கொண்டை, வளையல் இல்லாத கை, ஒரு அறைக்கு ஒரு ஆள். முந்தானை ஆகாதென்று மகள் எழிலின் பழைய சுடிதாரைத் துப்பட்டா இல்லாமல் போட்டாள். வேலைவிட்டு வந்தால் மருந்துத் தூசி போகக் குளித்து மாற்றாமல் கொட்டகைப் பக்கம் போவதில்லை. சனிக்கிழமை இருட்டுவதற்குள் இரண்டு மணை தயாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மணிகண்டராஜ் லுங்கியும் ரப்பர் செருப்புமாக வந்தான். மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிற்றின் வால் தொங்கியது. அண்ணன் பின்னால் நின்றான். மணிகண்டராஜ் மணையைக் காலால் அமுக்கிப் பார்த்தான். ஆடவில்லை.

"ஆணி எங்கன இருக்குன்னே தெரியலையே."

"இருந்தாத்தான தெரியும்."

அவன் மிஷினைத் தூக்கினான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, கார்டு கீழே இறங்காதபடி மேலே இழுத்துக் கட்டப் போனான். பாண்டிலட்சுமி சுவரிலிருந்து பிளக்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி?"

"அதக் கட்டுனீகன்னா இங்கன கரண்டு கெடையாது."

"நான் இருவது வருசமா பாக்குற வேல இது."

"இருக்கட்டும் தம்பி. எங்க கம்பெனியில ஓனரே வந்தாலும் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். இங்கன யாரு வந்தாலும் ஷூவப் போட்டுட்டு வரணும். லுங்கி ஆகாது. அந்தக் கயிறும் ஆகாது. கம்பியக் கீழ போடுங்க."

"பாத்துக்கிட்டு நிக்கியேண்ணே. தூக்கு, போவோம்."

தங்கச்சாமி மனைவி கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். வீட்டுக்குள் போனான். மிஷினைக் கட்டச் சாக்குப்பை எடுக்கத்தான் போகிறான் என்று மணிகண்டராஜ் காத்திருந்தான்.

தங்கச்சாமி திரும்பி வந்தபோது கல்யாண வீட்டுக்குப் போடுகிற பேண்ட்டும் ஷூவும் போட்டிருந்தான்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும் லட்சுமி?"

"கட்டைய கிளாம்ப் பிடிச்சுக்கிரும். நீங்க தள்ளி வாசல்ல நில்லுங்க."

மணிகண்டராஜ் மிஷினை மேசையில் வைத்தான். கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஊரெல்லாம் கெட்டுப்போச்சு" என்று யாரிடமோ சொல்லியபடி போய்விட்டான்.

அவள் கார்டைத் தள்ளி விட்டுப் பார்த்தாள். படக்கென்று மூடியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளக்கைச் செருகினாள். இன்னும் பத்து மணை இருந்தது.