அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாள்

அப்பாவின் முதல் வருடத் திதியன்று காகத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் கோயிலில் ஐயர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. பதினோரு மணிக்குள் அம்மா சமைத்தும் முடித்துவிட்டார். சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். காகத்துக்கு ஒரு பிடி வைத்து, அது கொத்திய பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். இறந்தவர்கள் காக ரூபத்தில் வருவார்கள் என்பதை அம்மா, அடுத்த ரயில் வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

பொங்கோல் என்ற புதுக் குடியிருப்புப் பேட்டையில் எங்கள் வீடு பதினான்காவது மாடியில். அந்த உயரத்தில் நான் காகத்தைப் பார்த்ததே இல்லை. அம்மா சமையலறை ஜன்னல் கம்பி வழியே இலைத்துண்டை நீட்டிக்கொண்டு "கா... கா..." என்று அரைமணி நேரம் கூப்பிட்டார். எதிர் அடுக்குமாடி பிளாக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பெண் மரியாதையாகக் கையசைத்தாள். வேறு பலன் இல்லை.

அப்போதுதான் அம்மாவின் நெற்றி வேர்த்திருப்பதைக் கவனித்தேன்.

"சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?"

"காலையிலேயே போட்டுட்டேன்."

"வெறும் வயித்துலயா?"

"மாத்திரை சாப்பாடு இல்லயே. விரதத்துக்கு ஒண்ணும் ஆகாது."

விரதத்துக்கு ஒன்றும் ஆகாது, சரி. அம்மாவுக்கு? சில மாதங்களுக்கு முன்தான் இப்படிச் சர்க்கரை இறங்கி, பேச்சு குழறி, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். ஒரு வாய் பாயசமாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன். "அவரு சாப்பிடாம நானா?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார்.

அலுவலகத்தில் யாராவது கேட்டால் ஆன்மா, கர்மா, மறுபிறவி எல்லாவற்றையும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விளக்கிவிடுவேன். அந்தத் தெம்பில் அம்மாவிடமும் வாயைக் கொடுத்தேன்.

"ஆன்மாவுக்குப் பசியே கிடையாதும்மா. பித்ருலோகத்துல இருக்காருன்னு ஐயர் சொல்றாரு. இந்நேரம் மறுபிறவி எடுத்திருப்பாருன்னு நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்க. இப்ப காக்கான்றீங்க. இதுல படத்துக்கு வேற மாலை போட்டிருக்கு. ஒரே ஆளு எப்படி நாலு எடத்துல இருப்பாரு?"

"உயிரோட இருந்தப்பவே அப்படித்தானே இருந்தாரு" என்றார் அம்மா.

மார்க்கெட்டில் நிற்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் என் அப்பா. 

காகம் வராத காரணத்தையும் அம்மாவே கண்டுபிடித்தார். அப்பாவுக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியாது. உயிரோடு இருந்தபோது ஒரே ஒருமுறை வந்தார், அதுவும் எங்கள் பேட்டையைச் சுற்றிவரும் குட்டி ரயிலில் எதிர்ப்பக்க வழியில் ஏறி, முழுச் சுற்று சுற்றி. அம்மாவுடன் நாற்பது வருடம் வாழ்ந்தது தோ பாயோ பேட்டையில்; அவர் போன பிறகுதான் அம்மா என்னோடு வந்து தங்கினார். சாப்பாட்டை அங்கே கொண்டுபோவதுதான் முறை. நான் மறுத்திருக்கலாம். ஆனால் வாதாடும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று டாக்சி கூப்பிட்டேன்.

அம்மா மடியில் டிஃபன் கேரியர். சாப்பாடு யாருக்கு என்று டாக்சி ஓட்டுநர் ஆங்கிலத்தில் கேட்டார். கணவருக்கு என்றார் அம்மா. தோ பாயோவில் வேலையா என்றார் அவர். இல்லை, இறந்துவிட்டார் என்றார் அம்மா. அதற்குப் பிறகு வண்டி வேகமாகப் போனது.

பழைய பிளாக்குக்குப் பின்னால், உணவங்காடியை ஒட்டிய புல்தரையில் நான்கு காகங்கள் இருந்தன. கூடவே ஓர் அறிவிப்புப் பலகை, நான்கு மொழிகளில்: பறவைகளுக்கு உணவளிக்காதீர்.

"அம்மா, போர்டைப் பாருங்க."

"பறவைக்குத்தானே போடக்கூடாது? நான் என் புருஷனுக்குப் போடுறேன்" என்று இலையை விரித்துச் சாதமும் வடையும் வைத்தார்.

முதலில் ஒரு மைனா வந்தது. அதை முந்தானையால் விரட்டினார். காகங்களோ எங்களைச் சட்டை செய்யவில்லை. யாரோ சிந்திவிட்டுப்போன பொரித்த கோழி நகெட்டுகளைச் சுற்றியே நின்றன. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, இதுங்கல்லாம் நகெட் தின்னே பழகிடுச்சு லா. சாதம் தொடாது."

அம்மாவின் கண் அதற்குள் ஒரு காகத்தின் மேல் நிலைத்துவிட்டது. "அதோ பாரு, அவருதான். பொரிச்சது சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் அத்தனை தடவை சொன்னாரு. என்னங்க, அதை விட்டுட்டு இங்க வாங்க!"

அந்தக் காகம் நகெட்டைக் காலால் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றது. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குரல் தேய்ந்தது. மெல்லப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. பாயசக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். அந்த நிலையிலும் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  பயமும் ஆத்திரமும் ஒன்றாக ஏறியதில் எழுந்து நின்று அந்தக் காகத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பா! ஒரு வாய் தின்னுட்டுப் போய்த் தொலைங்கப்பா! அம்மா விழுந்துடுவாங்க!"

உணவங்காடியே திரும்பிப் பார்த்தது. காகமும் பார்த்தது. என்ன நினைத்ததோ, நகெட்டைப் போட்டுவிட்டுத் தத்தித் தத்தி வந்தது. சாதத்தில் இரண்டு கொத்து. பிறகு வடை.

அம்மா என் கையிலிருந்த பாயசத்தைப் பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தார். பிறகு கேரியரை இழுத்து வைத்து, கையாலேயே பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு நிறம் வந்தது. பிழைத்தோம் என்று நான் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, அதுவும் சத்தமாக. அப்பா போன நாளிலிருந்து 'அப்பா' என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. படத்தின் முன்னால் நின்றுகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆளில்லாமல் ஒரு வருடம் ஓடியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அம்மா வாய் நிறையச் சோற்றுடன் நிமிர்ந்து பார்த்தார்.

"உஸ், சத்தம் போடாத. அவரு சாப்பிடட்டும்."