ஒரு ஸ்பூன் தண்ணீர்

அத்தையின் செடியைக் கொன்றவள் நான்தான். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது தங்கள் செடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், இன்றைக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிடுகிறேன்.

அந்தச் செடிக்கு என்ன பெயர் என்று எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தடித்துக் கூரான கரும்பச்சை இலைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி வெள்ளை வரிகள். நான் அதை வரிக்குதிரை என்று கூப்பிடுவேன். மாற்றலாகிப் போன ஆபீஸ் சிநேகிதி கொடுத்தது என்று, அத்தை அதைப் பிடி உடைந்த பீங்கான் கோப்பையில் நட்டு ஜன்னலோரம் வைத்திருந்தாள். பூஜைக்கும் ஆகாது, ரசத்துக்கும் ஆகாது என்று அம்மாவுக்கு அதன்மேல் கொஞ்சம் இளக்காரம்.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, அடையாறில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் உயிர். செவ்வாய்க்கிழமை அம்மா அவளை வடபழனிக்கு அழைத்துப் போவாள். சனிக்கிழமை அப்பா நங்கநல்லூர் ஆஞ்சநேயரைச் சுற்ற வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜாதகம் பொருந்தியதென்று யாராவது அவளைப் பெண் பார்க்க வருவார்கள். அவள் பட்டுப்புடவையில் பஜ்ஜித் தட்டோடு நிற்பாள். எனக்கு இவ்வளவு கவனிப்பு இல்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கும்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அத்தை ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனாள். பஸ் அலைச்சல் தாங்கவில்லை, ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்றாள். செடியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம், ஒரு ஸ்பூன் ஜலம். மறந்தாக்கூடப் பரவாயில்லை. அதிகமா மட்டும் விட்டுடாதே."

செடி தளதளவென்று வளர்ந்திருந்தால் அதைப் பார்த்துவிட்டு அத்தை இங்கேயே தங்கிவிடுவாள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் லாரித் தண்ணீர்தான். தெருமுனையில் எங்கள் குடங்கள் விடிகாலையிலிருந்தே வரிசையில் நிற்கும். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, அதற்கு மேல் கேட்டால் அம்மா முறைப்பாள். அத்தையோ எதையும் தனக்கென்று கேட்கிற ரகமில்லை. வீட்டுத் தண்ணீர்க் கஷ்டத்தைப் பார்த்துத்தான் செடிக்கும் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. அதனால் என் பங்கிலிருந்து கொடுத்தேன். குடிக்கத் தரும் டம்ளர் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை யாருக்கும் தெரியாமல் கோப்பையில் ஊற்றிவிடுவேன். தொண்டை வறளத்தான் செய்தது, ஆனால் தியாகம் செய்கிற பெருமையில் அதை நான் சட்டை பண்ணவில்லை.

மூன்றாவது வாரம் இலைகள் சோர்ந்து சாய்ந்தன. தாகம் தீரவில்லை போல என்று இரண்டு வேளையும் ஊற்றினேன். ஒரு நாள் தொட்டுப் பார்த்த இலை கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை வந்தாள். கோப்பையைக் கையில் எடுத்தவளிடம் தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் பங்குத் தண்ணீரைத்தான் ஊற்றினேன் என்றதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு மண்ணைக் கிளறினாள். ஓரத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு குட்டி மட்டும் அழுகாமல் இருந்தது. அதைச் செய்தித்தாளில் மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அப்பா வாசலில் வழிமறித்த மாதிரி நின்றார். "அதையாவது இங்கே வெச்சுட்டுப் போயேன். இனிமே நாங்க எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறோம்."

"வேண்டாம் அண்ணா. நீங்கள்லாம் ரொம்ப நன்னாப் பாத்துப்பேள். அதனாலதான் வேண்டாங்கறேன்."

அப்பா நகர்ந்து வழிவிட்டார். அத்தை படியிறங்கிப் போனாள். ஒரு மாதம் என்று போனவள் இனி வரவே மாட்டாள் என்பது எனக்குக்கூடத் தெரிந்துவிட்டது. நான் ஊற்றிய தண்ணீரால்தான் எல்லாம் என்று விசும்பிக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா சுவாமி அலமாரியைத் திறந்தார். மஞ்சள் தடவிய ஜாதக நகல்களைக் கட்டோடு எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டில் தள்ளினார். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு செடி செத்ததற்கு அதை எதற்காக மேலே போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.