தாய்க் கல்ச்சரும் தாராவி நகமும்

கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களுக்குச் சோறு போட்டு வளர்க்கிற உத்தியோகத்தில், உபத்திரவம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவர்களால்தான். லேப் கோட் மாட்டி வயிறு கழுவியவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எண்பதுகளில் பம்பாய் செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் லேப் அசிஸ்டென்ட். பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, நெசவுக்காக மில் துணியில் ஏற்றிய கஞ்சியை எடுக்கிற சரக்குத் தயாரிப்போம்.

ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு

எங்கள் மானேஜர் மாட்டுங்காக்காரர், டாக்டர் பட்டம் வாங்கியவர். எல்லாத் தொட்டிக்கும் மூலமான பாக்டீரியாவுக்குத் தாய்க் கல்ச்சர் என்று பெயர். அது சீல் வைத்த குழாய்களில், அவர் கையெழுத்தோடு, பூட்டிய ஃப்ரிட்ஜில் இருக்கும். சாவி அவர் சட்டைப் பையில். வம்சம் கெடாத கல்ச்சர் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பீற்றிக்கொள்வார், ஏதோ இவரே பத்து மாசம் சுமந்து பெற்ற மாதிரி.

குடுவையும் தொட்டியும் மொய்தீன் பாய் பொறுப்பு. ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஜாகை தாராவி. நாலு வருஷமாக டெம்பரரி. அவரைப் பெர்மனென்ட் ஆக்கும் கடிதம் மானேஜர் டிராயரில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. ஃப்ரிட்ஜைப் பார்க்கும்போதெல்லாம் பாய் சொல்வார்: "எம் பொண்டாட்டி நகைக்கே இம்புட்டுப் பூட்டு கெடையாது தங்கச்சி."

நீல தீபாராதனை

ஒரு நாள் மானேஜர் புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வந்தார். மேஜையில் இருக்கிற கிருமி சாக அதைப் போடுவார்கள், வேலை தொடங்குமுன் அணைத்துவிடுவார்கள். இவர் ஒரு படி மேலே போனார். தாய்க் கல்ச்சரையே அகலத் தட்டில் ஊற்றி, மூடியைத் திறந்து, அரை நிமிஷம் அந்த வெளிச்சத்தைக் காட்டிவிட்டுத்தான் குடுவையில் விடவேண்டுமாம். மேலோடு ஒட்டியிருக்கும் அசுத்தம் போய்விடுமாம். படித்தவர் செய்கிற காரியமா இது? சொன்னேன். முறைத்தார்.

சரக்கு வாங்கும் மில் ஏஜென்ட் அன்றைக்கு வந்திருந்தார். நீல வெளிச்சத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்: "ஏக்தம் மந்திர் ஜைசா லக்தா ஹை, சாப்." அச்சு அசல் கோயில் மாதிரியே இருக்கிறதாம்.

தினம் ஒரு நகப் பரிசோதனை

அந்த வாரமே குடுவைகள் காலைவார ஆரம்பித்தன. சாயங்காலம் பால் மாதிரி கலங்கி நிற்க வேண்டியது பச்சைத் தண்ணீராக நின்றது. மானேஜருக்கு விளக்கின்மேல் சந்தேகமே வரவில்லை. அரை நிமிஷத்தை ஒரு நிமிஷம் ஆக்கினார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

பழி பாய் தலையில் விழுந்தது. வாசலில் டெட்டால் வாளி. தினம் பத்து விரலையும் நீட்டி மானேஜரிடம் நகம் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரலாம். நாற்பது வயது மனுஷன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு குடுவை போனால் ஆளை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார் மானேஜர். பாய் என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன். பதில் வந்தது: "தாராவிலேருந்து வர்றவன் கையில என்னென்ன வரும்னு நோக்குத் தெரியாதும்மா."

உள்ளே குடியிருந்தவன்

வெளிச்சம் கொன்றிருந்தால் குடுவையில் எதுவுமே வளர்ந்திருக்கக் கூடாது. ஆனால் ஒரு மணி நேரம் கலங்கி வந்து, பிறகுதான் தெளிந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸ்களில் ஒரு ரகம் உண்டு. உள்ளே நுழைந்ததும் கொல்லாது. பாக்டீரியாவின் மரபு இழையோடு தன் இழையையும் ஒட்டிக்கொண்டு படுத்துவிடும். பாக்டீரியா இரண்டானால் இதுவும் இரண்டாகும், தலைமுறை தலைமுறையாக. பம்பாயில் பகடி என்று மொத்தமாக ஒரு முன்பணம் கொடுத்துக் குடிவந்தவன் மாதிரி, காலி செய்யவும் மாட்டான், தன் ஜாதி வைரஸ் இன்னொன்றை உள்ளே விடவும் மாட்டான். கட்டடம் ஆட்டம் கண்டால் மட்டும் விழித்துக்கொண்டு, நூறாகப் பெருகி, வீட்டை உடைத்துக்கொண்டு கிளம்புவான். அவனை எழுப்புவதற்குப் புற ஊதா வெளிச்சத்தைவிட நல்ல வழி இல்லை.

மானேஜர் கையாலேயே ஒரு குழாயைத் திறக்க வைத்தேன், பாய் வேலைக்குச் சேருமுன் சீல் வைத்தது. பாதிக்கு வெளிச்சம் காட்டினோம், பாதிக்கு இல்லை. காட்டாதது பாலாகக் கலங்கியது. காட்டியது தெளிந்தது. தெளிந்ததை வடிகட்டி, உள்ளே அப்படி யாரும் குடியிராத வேறு ரக பாக்டீரியா வளர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் அங்கே பெரிய ஓட்டை, வைரஸ் பாக்டீரியாவைத் தின்ற அடையாளம். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மானேஜர் சொன்னார்: "இதை வெளியில சொல்லாதே."

விளக்கு போனது

மின்சாரச் சிக்கனம் என்று நோட்டீஸ் ஒட்டி விளக்கைக் கழற்றினார்கள். குடுவைகள் கலங்கின. கடிதத்திலும் கையெழுத்து விழுந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. டெட்டால் வாளியும் நகப் பரிசோதனையும் அப்படியே இருந்தன, அதுவும் பாய்க்கு மட்டும்.

பெர்மனென்ட் ஆன முதல் நாள் காலை, பாய் வாசலில் நின்று பத்து விரலையும் மானேஜர் மூக்குக்கு நேரே நீட்டினார். குரலை உயர்த்தவில்லை. "நல்லாப் பாத்துக்கிடுங்க சார். ஒங்க பூட்டுக்குள்ள இருந்தத எத்தன நாளு எங்க நகத்துல தேடுவீங்க?"

பாக்டீரியாவுக்குள் பல தலைமுறையாகத் தூங்கும் வைரஸைக்கூட அரை நிமிஷ வெளிச்சத்தில் எழுப்பிவிடலாம், மானேஜர்களைத்தான் முடியாது என்பதே நான் அந்த லேபில் கண்ட ஒரே கண்டுபிடிப்பு.