அரிசிமாக் கோடு

அன்று கிளப்பிலிருந்து ஸ்ரீவராகத்து வீட்டுக்குக் கொதித்துக்கொண்டு வந்தேன். சிறகு வைத்த சிற்றம்பை வட்டப் பலகையில் எறியும் டார்ட்ஸ் போட்டி. என் அம்புகள் எல்லாம் பலகைக்குக் கீழே சுவரில் குத்தி நின்றன. "வீட்டுல குறி தப்பாதுன்னு பறஞ்சதெல்லாம் வெறுதேயா?" என்று ஹெட் கிளார்க் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

ஒரு மாதமாகக் குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, ஆபீஸ் கிளம்புமுன் கிடைக்கும் கால் மணி நேரத்தில் கூடத்தில் எறிந்து பழகியவன் நான். நான் நிற்க வேண்டிய இடத்தில் என் மனைவி தினமும் தரையைத் துடைத்துவிட்டு அரிசிமாவால் கோடு இழுத்துவைப்பாள். அன்று வந்ததும் அளந்து பார்த்தேன். கோடு பலகைப் பக்கமாக ஒரு முழத்துக்கு மேல் நகர்ந்திருந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்று கத்தினேன்.

"தினம் ஒரு விரக்கடை தள்ளிப் போட்டேன்," என்றாள். "நீங்க கையைப் பின்னால இழுக்கறச்சே முழங்கை தூளியில இடிக்கறது. ரெண்டு நாள் கொழந்தை வீல்னு அழுதது. நீங்க திரும்பிப் பார்க்கலை. சொன்னா கோச்சுப்பேள்."

நான் நம்பவில்லை. பழைய இடத்தில் போய் நின்று, வீம்புக்குக் கையை இழுத்தேன். முழங்கையில் மெத்தென்று ஏதோ பட்டது. தூளிக்குள் குழந்தை சிணுங்கியது.

ஹெட் கிளார்க்கை மறுவாரமே மன்னித்துவிட்டேன். பெற்ற பிள்ளை முதுகுக்குப் பின்னால் அழ, காதில் விழாமல் குறிபார்த்தவன் மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.